புயலன்னைக்கு வெயில் அடிக்குமா

குருத்தோலை ஞாயிறு கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை, சாளைமுனையில் நடுப்பகல் மணி அடித்தபோது மணியோசைக்கு நிழல் விழுந்தது. சந்தியாகப்பர் கோவில் கோபுரத்தின் அடியிலிருந்து அது புறப்பட்டது. கிணற்றில் கல் விழுந்தால் வட்டம் வட்டமாக விரியுமே, அப்படிச் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு வளையம், கோவில் முற்றத்தைக் கடந்து, கொடிமரத்தில் ஏறி இறங்கி, ஓட்டு வீடுகளின் மேலும் ஓலைக் கொட்டகைகளின் மேலும் வழுக்கிக்கொண்டு போய், கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவி, அலைக்குள் இறங்கி, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை கடல்மேல் போயிற்று. அடுத்த அடிக்கு அடுத்த வளையம். சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்பவரும், தினம் மூன்று வேளை மணிக்கயிற்றை இழுப்பவருமான உபதேசியார் வியாகுலம், தலைக்கு மேலே பெரிய பறவை ஏதும் பறக்கிறதா என்று ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பறவை இல்லை. இன்னும் மூன்று அடி பாக்கி இருந்ததால் அதையும் அடித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒன்பது நாள் பிடித்தது. முதல் நாள் நாய்கள் குரைத்தன, மூன்றாம் நாள் அவற்றுக்கே சலித்துவிட்டது. கரையில் நெத்திலி காயப்போட்டிருந்த பெண்கள், நிழல் தாண்டிப்போன கருவாடு ஒரு பொழுது பிந்திக் காய்கிறது என்று உபதேசியாரிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர் மணியை மெதுவாக அடித்துப்பார்த்தார், நிழல் மெலிந்ததே தவிர நிற்கவில்லை. கோழிகள் மாலை மணியின் நிழலைக் கண்டதும் பொழுது சாயாமலே கூண்டில் அடைந்தன. நிழல் மேலே பட்டால் வேர்க்குரு அமுங்குகிறது என்று யாரோ ஒருத்தி சொல்லப்போக, சித்திரை வெயிலில் பாதி ஊர் ஆம்பளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். வடக்குத் தெருவுக்கு நிழல் முந்தி வருகிறதா தெற்குத் தெருவுக்கு முந்தி வருகிறதா என்று இரண்டு தெருவும் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்து அதை மறந்துபோயின. பிள்ளைகளோ நிழலைத் துரத்தி மிதிக்கிற விளையாட்டு ஒன்றை உண்டாக்கினார்கள்: மிதித்தவர் ராசா, தண்ணீருக்குள் போகும்வரை விடாமல் துரத்தினவர் மகாராசா. ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து இரண்டு குருக்கள் வந்து, வளையத்தை அளக்க நாடா பிடித்து, நாடாவின் நிழல் மட்டுமே அளவுக்குக் கிடைக்க, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நிழலைப் படிக்கவும் ஊர் கற்றுக்கொண்டது. செபமணிக்கு மூன்று மூன்று வளையம். துக்கமணிக்கு ஒரே வளையம், அகலமாக, அவசரமில்லாமல், யாருடைய வீட்டைத் தேடுகிறதோ என்று எல்லாரையும் வாசலுக்கு வரவைக்கும். தீ, வெள்ளம், புயல் என்று கயிற்றை விடாமல் இழுக்கிற ஆபத்து மணிக்கு வளையத்தின்மேல் வளையம் ஏறி, தரையே இருண்டு, சூரியகிரகணத்தில் நிற்பதுபோல இருக்கும் என்று, அதை ஒருவரும் பார்க்காமலே எல்லாரும் சொன்னார்கள்.

"எல்லாம் ஓம் புள்ளைக்காகத்தான் எஸ்கலின்" என்றாள் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் மாமி. "அந்தச் சின்னக் காதுக்குக் கேக்கலைன்னுதான சந்தியாகப்பரு கண்ணுக்குக் காட்டுதாரு."

எஸ்கலினுக்கு இருபத்தாறு வயது. அவள் மகள் பிரிசில்லாவுக்கு ஏழு. பதினான்காம் மாதத்தில் வந்த மூளைக்காய்ச்சல் பிள்ளையை விட்டுவிட்டு அதன் இரண்டு காதையும் கொண்டுபோயிற்று. காது மிஷின் மாட்டினால் பிரிசிக்கு மரம் முறிகிற சத்தம் மாதிரி எதுவோ தூரத்தில் கேட்கும். மழைத்தண்ணீர் பட்டால் மிஷினும் செத்துப்போகும். அப்பன் லிகோரி ஆழ்கடல் போட்டில் போனால் இருபது நாள் முகம் காட்டமாட்டான். ஆகவே பிள்ளையின் காது எஸ்கலின்தான். எஸ்கலின் கிணற்றுக்குப் போனால் பிள்ளையின் காது கிணற்றுக்குப் போனது, எஸ்கலின் கண்ணயர்ந்தால் பிள்ளையின் காதும் கண்ணயர்ந்தது. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அவள் தன் முந்தானையைப் பிள்ளையின் கணுக்காலில் முடிந்துகொண்டுதான் படுப்பாள். நான் இல்லாத ஒரு மணி நேரத்தில் கடல் எழுந்து வந்தால் இவளிடம் யார் சொல்வார்? இந்த ஒரு கேள்வி அவளோடு சேர்ந்து அரிசி களைந்தது, துணி பிழிந்தது, பூசையில் முழங்கால் போட்டது.

அதனால் நிழல் விழுந்தபோது ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். பதினோரு நாள் சந்தோஷப்பட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு கோடை மேகம் வந்து கோபுரத்துக்கு மேலே நின்றது. மணி அடித்தது. முற்றத்தில் நிழல் இல்லை. பிரிசி கையில் பல்பொடியோடு தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

எஸ்கலின் சாமியாரிடம் போனாள். அவர் வெளியூர்க்காரர், நல்லவர், கேள்வி கேட்டால் முதலில் சிரிக்கிறவர்.

"சாமி, புயலன்னைக்கு வெயில் அடிக்குமா?"

"எதுக்கும்மா கேக்குறே?"

"வெயில் அடிச்சாத்தான சாமி நிழல்? புயலன்னைக்கு வானமே கறுத்துக் கெடக்கும். அன்னைக்கு மணியடிச்சா எம் புள்ளைக்கு எது தெரியும்?"

சாமியார் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "குடுத்தவர் அதையும் பாத்துக்குவார், எஸ்கலின். ஆண்டவர்கிட்ட ரசீதா கேக்குறது?"

ஊர் முழுக்க அதையேதான் வேறுவேறு வாயால் சொன்னது. கிடைத்த வரத்தைக் குறை சொல்கிறாள். கான்வென்டில் படித்த திமிர். வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்த நிழலாவது உண்டா. எஸ்கலினுக்கு ஒரு பழக்கம்: பயம் வந்தால் ஊர்ப்பேச்சு பேசுவாள், கோபம் வந்தால் கான்வென்ட் தமிழ் வந்துவிடும். எழுந்து நின்று முழு வாக்கியத்தில் பேசவேண்டும் என்று சிஸ்டர்கள் பழக்கியது அவள் எலும்பில் இருந்தது. அன்றைக்கு அவள் ஊர்ப்பேச்சிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆவணி மாதத்தில் தாலுகா ஆபீஸிலிருந்து பேரிடர் சார் வந்தார். அவருக்கு வேறு பெயரும் பெரிய பதவிப் பெயரும் இருந்தன. ஊர் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பேரிடர் சார் என்று கூப்பிட்டது, அவரும் திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சு நிறச் சட்டைகள், மைக், ஒரு பெரிய நோட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கும் புயல் கட்டடத்துக்கு எல்லாரும் எப்படிப் போகவேண்டும் என்று ஒத்திகை பார்க்கவேண்டும், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

எஸ்கலின் எழுந்து நின்றாள். "சார், எம் மகளுக்குக் காது கேக்காது. மணி கேக்காது, மைக்கும் கேக்காது. கோபுரத்துல கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னுற சிவப்பு லைட்டு ஒண்ணு வேணும். மணியடிக்கும்போது வீட்டுக்கே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் பேர் எழுதணும். கரண்டு போயிட்டா அவளுக்கு இருட்டுல கையும் தெரியாது, வாயும் தெரியாது. அதனால கட்டடத்துல ஒரு எமர்ஜென்சி லைட்டு அவ பக்கத்துல எரியணும்."

பேரிடர் சார் நல்லவிதமாகவே கேட்டார். "ஆனா உங்க ஊர்லதான் மணியோசைக்கு நிழல் விழுதே? நானே காலைல பார்த்தேன். இந்த வசதி மாவட்டத்துல வேற எந்த ஊருக்கும் இல்லம்மா." நோட்டில் 'செவித்திறன் குறைந்தோர்: ஒருவர்' என்று எழுதி, எதிரே 'ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது' என்று எழுதினார்.

"சார், புயலன்னைக்கு..."

"ஒத்திகைல பாத்துருவோமே" என்றார் அவர்.

ஒத்திகை அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. எஸ்கலினை முதலுதவிக் குழுவில் போட்டுக் காலையிலேயே புயல் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்; பிள்ளை வளையத்தைப் பார்த்துத் தானாக வரட்டும், அதுதானே பரீட்சை என்று பேரிடர் சார் சொல்லியிருந்தார். உபதேசியார் வியாகுலம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தார். ஊரே சொன்னதுபோலத்தான் ஆயிற்று. வளையத்தின் மேல் வளையம் ஏறி, முற்றம் இருண்டு, சுவர்கள் இருண்டு, கிணற்றுத் தண்ணீர் இருண்டு, பட்டப்பகலில் ஒரு சாம்பல் வெள்ளம் ஊரின் மேல் ஓடிற்று, அதற்குள் ஜனங்கள் குழந்தைகளையும் அரிசிப் பானையையும் ஆட்டுக்கயிற்றையும் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்து நடந்தார்கள்.

புயல் கட்டடத்தில் பேரிடர் சார் மைக்கில் பெயர் வாசித்தார். ஒவ்வொருவரும் "உள்ளேன்" சொல்லவேண்டும். சொன்னதும் நோட்டில் டிக். முன்வரிசையில் மரியபுஷ்பம் மாமியின் புருஷன் மச்சாது டிரைவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று போட்டு ஓட்டியவர். எதைக் கேட்டாலும் "சரி சரி" என்று மரியாதையாகத் தலையாட்டுகிறவர் என்று ஊரில் நல்ல பேர்.

"லிகோரி மகள் பிரிசில்லா!"

பேரிடர் சார் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் முன்வரிசையில் விழுந்தது. உதடு அசைந்ததையும் கண் தன்மேல் விழுந்ததையும் மட்டும் கண்ட மச்சாது டிரைவர், தன் முறை வந்துவிட்டது என்று எண்ணி, கனத்த குரலில் "உள்ளேன்" என்றார். பிள்ளைக்காகத் தாத்தா சொல்கிறார் என்று பேரிடர் சார் டிக் போட்டார். பிறகு டிரைவரின் சொந்தப் பெயர் வந்தபோது மாமி அவரை இடித்து இன்னொரு உள்ளேன் சொல்லவைத்தாள்.

கடைசி வரிசையில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்த எஸ்கலினுக்கு, மகள் பெயருக்கு வந்த அந்தக் கனத்த குரல் கேட்டது. அவள் பஞ்சைப் போட்டுவிட்டு எல்லா வரிசையிலும் முகம் முகமாகப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடினாள், மேட்டிலிருந்து இறங்கி, ஆளில்லாத தெரு வழியாக, கதவு திறந்து கிடந்த வீடுகள் வழியாக, கருவாட்டுப் பாய்கள் மேலே மிதித்துக்கொண்டு ஓடினாள்.

பிரிசி கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். வாழ்க்கையில் அவள் பார்த்திராத அளவு நிழல்! வளையம் வளையமாக வந்துகொண்டே இருந்தது, அவள் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே வந்துவிட்டாள். அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கிரீடம்போல வைத்துக் காட்டினாள். நான் மகாராசா.

எஸ்கலின் அவளை ஈரத்தோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினபோது, பேரிடர் சார் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அறுநூற்றுப் பதிமூணு பேர், அறுநூற்றுப் பதிமூணும் ஆஜர். அருமை!"

அவள் படியேறினாள். நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. கை நீட்டினாள், அவர் கொடுத்துவிட்டார். கான்வென்ட் தமிழ் வந்துவிட்டது.

"இந்தப் பக்கத்தில் என் மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. என் மகள் இங்கே இல்லை. என் மகள் கடலில் நின்றாள். இன்று உண்மையாகவே புயல் வந்திருந்தால், என் மகள் செத்திருப்பாள், உங்கள் நோட்டில் உயிரோடு இருந்திருப்பாள். அவளைத் தேடி ஒருவரும் வந்திருக்கமாட்டீர்கள், ஏனென்றால் அவளுக்கு டிக் போட்டாயிற்று."

பின்வரிசையில் யாரோ "பள்ளிக்கூடத்துல பேச்சுப்போட்டி வச்சிருக்காவளா" என்று சிரித்தார்கள். ஒருவரும் கூடச் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"எனக்கு இந்த நிழல் வேண்டாம்" என்றாள் எஸ்கலின். "விழுந்தால் விழட்டும். அழகாக இருக்கிறது. ஆனால் என் பிள்ளையின் பெயருக்கு எதிரே அதை எழுதாதீர்கள்."

சாமியார் தரையைப் பார்த்தார். பேரிடர் சார், "யாரும்மா உள்ளேன்னு சொன்னது?" என்றார். ஊர் முழுக்க ஒருவரையொருவர் பார்த்தது. எஸ்கலின் மச்சாது டிரைவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டி, "சரி சரி" என்றார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஆம்பளைகளிடம் கேட்கவில்லை. அடுக்களைப் பக்கம் போய் அவர்கள் பெண்டாட்டிகளிடம் கேட்டாள்.

"எனக்கா காது கேக்காது?" என்று மச்சாது டிரைவர் வாசலில் நின்று சத்தம் போட்டார், அவள் கேட்டதை நோட்டைப் பார்த்தே ஊகித்துவிட்டார். "எஞ்சின்ல எந்த நட்டு லூசுன்னு சத்தத்தை வச்சே சொல்லுவேனாக்கும்!"

"ஆமாமா, சொல்லுவாவ" என்றாள் மரியபுஷ்பம் மாமி மீனைக் கழுவிக்கொண்டே. "நேத்து குக்கரு எட்டு விசில் அடிச்சு அடி புடிச்சிட்டு, இன்னும் விசில் வரலையாட்டின்னு கேட்ட மனுசன். எழுதுளா, நீ எழுது. பேரு மச்சாது, வயசு அறுபத்தி ரெண்டு, ரெண்டு காதும் கெட்டி, வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

எஸ்கலின் எழுதினாள். எஞ்சின் டிரைவர்கள், ஐஸ் மிஷினில் நின்றவர்கள், பாறை வெடிக்கப் போனவர்கள், சங்கு குளிக்க மூழ்கி மூழ்கிச் செவிப்பறை கிழிந்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஒரு காது அடைத்துப்போய் அதை மாமியாரிடம் சொல்லாத மூன்று பெண்கள். ஒருவரில் தொடங்கிய கணக்கு நாற்பத்தொன்றில் நின்றது. இவர்களெல்லாம் வருஷக்கணக்காக மற்றவர்கள் எழுந்தால் எழுந்து, மற்றவர்கள் முழங்கால் போட்டால் முழங்கால் போட்டு, மற்றவர்கள் சிரித்தால் சிரித்து, எதற்கும் சரி சரி என்று சொல்லிக் காலந்தள்ளியவர்கள். நிழல் விழுந்த நாளிலிருந்து இவர்கள்தான் ஒரு பூசைக்கும் பிந்தவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

மாலையில் மச்சாது டிரைவர் அவள் வாசலுக்கு வந்து நின்றார். "எம் பேரை எடுத்துரு, மக்களே" என்றார். "காது போச்சுன்னு தெரிஞ்சா ஒரு பய போட்டுல ஏத்தமாட்டான்."

எஸ்கலின் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னே பிடித்தாள்: அன்றைக்கு உள்ளேன் என்று சொன்னது நீங்கள்.

அவர் ஓரெழுத்து ஓரெழுத்தாகப் படித்தார். தெருவில் பிரிசி கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேரை எடுக்கச் சொல்லாமலே போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை ஊர் இப்போது தான் நினைத்துச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறது, சொல்லிக்கொள்ளட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பக்கத்து வீடுகள் எழுதப்பட்டன, ஒருவர் கடலில் இருந்தால் இன்னொருவர் கரையில் இருப்பார் என்று. மணி அடித்தால் அந்த இருவரும் கூப்பிடக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது, உள்ளே போய்த் தோளில் இரண்டு தட்டு தட்டி மணிக்கட்டைப் பிடிக்கவேண்டும். "மருமவன் மாமியா தோளத் தட்டுறதா, நல்ல கூத்து" என்று ஒரு பேச்சு வந்தது. "அப்படின்னா தொடப்பத்தை எடுத்துத் தட்டச் சொல்லு, ரொம்ப நாளா அவனுக்கு அந்த ஆசை உண்டும்" என்று மரியபுஷ்பம் மாமி சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விசைப்படகிலிருந்து கழற்றிப்போட்டிருந்த மின்னுகிற சிவப்பு விளக்கு ஒன்றைக் கோபுரத்தில் பாட்டரியோடு கட்டினார்கள். தாலுகா ஆபீஸ் கொடுக்கிறபோது கொடுக்கட்டும். நாற்பத்தொரு கழுத்திலும் கயிற்றில் டார்ச் தொங்கிற்று. பிரிசியும் புதிதாகக் காது மிஷின் வாங்கியவர்களும், செருப்புப் பெட்டியில் வருமே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதைப் போட்டு இறுக்கி மூடுகிற டப்பா வைத்துக்கொண்டார்கள்.

வாய்ப்பேச்சுக்குப் பதில் கைப்பேச்சை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவள் பிரிசி. ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டு கையையும் தலைக்கு மேலே முறுக்கினால் புயல். உள்ளங்கை நாக்குப்போல நக்கிக்கொண்டு வந்தால் கடல் ஏறுகிறது. கைமேல் கை படியாக ஏறினால் மேட்டுக் கட்டடம். வலது கன்னத்துக் குழியில் சுட்டுவிரலை வைத்தால் அது பிரிசி, அவளுடைய பெயர். மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஆட்கள் இதைப் பேசிப் பழகி, கடைசியில் பூசை நேரத்தில் சாமியாரைப் பற்றிப் புறம்பேச அது வசதியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தபின், ஊர் அதைத் தாய்மொழி மாதிரிப் பிடித்துக்கொண்டது.

ஆள்கணக்கையும் மாற்றினார்கள். இனிமேல் உள்ளேன் என்கிற சொல்லுக்கு டிக் கிடையாது. நோட்டு வைத்திருப்பவர் எழுந்து வந்து தோளைத் தட்டி, மணிக்கட்டைப் பிடித்து, முகம் பார்த்து, அதற்குப் பிறகுதான் டிக். நோட்டு யாரிடம் இருக்கவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எழுதப்படிக்கத் தெரிந்த, யார் சத்தம் போட்டாலும் ஏமாறாத ஓர் ஆள் வேண்டும் என்று உபதேசியார் வியாகுலம் சொன்னார். அப்படி ஊரில் ஒருத்திதான் இருந்தாள், அவளுக்கு வயது ஏழு.

ஒன்று மட்டும் பாக்கி. தாலுகா ஆபீஸ் நோட்டில் 'ஒருவர்', 'ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது' என்பது அப்படியே கிடந்தது. எஸ்கலின் நாற்பத்தொரு பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஒருமுறை போனாள், இருமுறை போனாள். கல்லறைத் திருநாள் கழிந்த வியாழக்கிழமை மூன்றாம் முறை போனாள். லிகோரியின் போட்டை வேறு துறைமுகத்தில் ஒதுங்கவைத்துவிட்டு, வடக்கே ஆந்திராவுக்குப் போகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த புயல், அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, பகல் இரண்டு மணிக்குத் தெற்கே திரும்பிற்று. ஒரு கிளார்க் உள்ளேயிருந்து, "சாளைமுனைப் பக்கமாம்" என்று சொல்வது கேட்டது. பேரிடர் சார் இரண்டு போனை இரண்டு காதிலும் வைத்திருந்தார். அவள் மனுவை அவர் மேஜைமேல் வைத்து, அதன்மேல் பேப்பர் வெயிட்டையும் வைத்துவிட்டு ஓடினாள்.

பஸ் கழிமுகத்தில் தண்ணீர் மட்டத்தோடு தாழ்ந்த தாம்போதிப் பாலம்வரைதான் போயிற்று. பாலத்தின்மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கிருந்து ஊர் மூன்று மைல். எஸ்கலின் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வானம் கரிச்சட்டிபோலக் கவிழ்ந்து கிடந்தது. பாதி வழியில் மணி கேட்கத் தொடங்கியது. விடாமல், மூச்சு விடாமல், வியாகுலம் இழுக்கிற ஆபத்து மணி. அவள் தன்னையறியாமல் தரையைப் பார்த்தாள். தரையில் ஒன்றுமில்லை; சேறும் தண்ணீரும். சொன்னேனே, சொன்னேனே என்று அழுதுகொண்டே நடந்தாள், தான் சொன்னது பொய்யாகியிருக்கக்கூடாதா என்றும் அழுதாள்.

கட்டடத்துக்குப் போகவேண்டியவள் கடற்கரைக்குப் போனாள். அவள் கால்கள் அப்படித்தான் போயின. கரையில் வள்ளங்களைத் தெருவரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள். அலை கருவாட்டுக் கொட்டகையின் தூணைக் கடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லை. வீட்டுக்கு ஓடினாள். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது, பிள்ளை இல்லை. "பிரிசி! பிரிசி!" என்று கத்தினாள், எதற்குக் கத்துகிறோம் என்று தெரிந்தே கத்தினாள்.

பின்னாலிருந்து அவள் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஒரு கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

மச்சாது டிரைவர். கழுத்தில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது, தாடியெல்லாம் தண்ணீர்.

"மாமா, எம் புள்ள எங்க? புள்ள வந்துட்டாளா? யாரு கூட்டிட்டுப் போனா?"

அவர் அவள் வாயைப் பார்த்தார். காற்றில் அந்த வாய் கோணிக்கொண்டு ஏதேதோ செய்தது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் அவர் தொண்டைவரை வந்ததை எஸ்கலின் கண்ணால் கண்டாள். 'சரி' என்று சொல்லிவிட்டால் போயிற்று. அந்தச் சரிக்கு அர்த்தம் என்ன என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

"கேக்கல மக்களே" என்றார் மச்சாது டிரைவர். "எனக்குக் கேக்கல. கையில சொல்லு." டார்ச்சைத் திருப்பி அவள் கைகளின்மேல் பிடித்தார்.

அவள் சுட்டுவிரலைத் தன் வலது கன்னத்தில் வைத்தாள்.

அவரும் அதே கன்னத்தில் விரலை வைத்தார். பிறகு கைமேல் கை வைத்து, படியாக, படியாக, மேலே மேலே ஏற்றினார். பிறகு காற்றிலே பேனா பிடித்து எழுதிக் காட்டி, எஸ்கலினைச் சுட்டி, மேட்டைச் சுட்டி, நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒன் மகதான் என்னை அனுப்பினா. நோட்டுல ஒன் பேருக்கு எதுக்கத்தான் இன்னும் ஒண்ணுமில்ல, என்றது அவர் கை.

புயல் கட்டடத்துக் கதவை நான்கு பேர் பிடித்துத் திறந்து இருவரையும் உள்ளே இழுத்தார்கள். உள்ளே கரண்டு இல்லை. நடுக்கூடத்தில் ஓர் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. அதன் அருகே, தன் உயரத்துக்குப் பாதியளவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, காது மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, பிரிசி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவந்தார்கள் என்று எஸ்கலின் பிறகு கேட்டபோது, நான்கு வீட்டுக்காரர்கள் நான்தான் நான்தான் என்று சண்டை போட்டார்கள்.

மூலையில் உபதேசியார் வியாகுலம் கயிறு அறுத்த உள்ளங்கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் பேரிடர் சாரின் குரல், பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது: "எத்தனை பேர்? எல்லாரும் வந்தாச்சா? கலெக்டர் லைன்ல இருக்கார், உடனே சொல்லணும், ஆச்சா, இல்லையா?"

பிரிசி எழுந்தாள். அம்மாவைக் கண்ட பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடவில்லை. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாய்களுக்கு நடுவே கால் வைத்து, நேராக நடந்து வந்தாள். முதலில் மச்சாது டிரைவரின் தோளைத் தட்டி மணிக்கட்டைப் பிடித்து முகம் பார்த்தாள். பிறகு அம்மாவின் முன்னே நின்றாள். எஸ்கலின் குனிந்தாள்.

"வியாகுலம்! கேக்குதா? அறுநூத்திப் பதிமூணுன்னு எழுதிக்கவா?"

"கொஞ்சம் பொறும் சார்" என்றார் உபதேசியார். "புள்ள இன்னும் தொட்டு முடிக்கல."

"யாரு? என்ன முடிக்கல?"

"தொட்டு முடிக்கல. முடிக்காம எங்க ஊர்ல கணக்கு சொல்ல முடியாது."

பிரிசி அம்மாவின் தோளில் இரண்டு முறை தட்டினாள். ஈரமான மணிக்கட்டைத் தன் சின்ன விரல்களால் சுற்றிப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பி, கண், மூக்கு, வாய் என்று ஒன்றொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டை விரித்து, பென்சில் முனை மழுங்கியிருக்கக் கண்டு, அதைச் சீவத் தொடங்கினாள்.

தாலுகா ஆபீஸ் காத்திருந்தது.